ஊசி போடச் சொல்லும் முன்: ஆய்வைத் தேடிப் படிப்பதா, டாக்டர்களை நம்புவதா?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட ஆரம்பித்தார்கள். கூடவே வாட்ஸ்அப் புரளியும் கிளம்பி, அந்த மாதமே முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. மகளின் வகுப்புப் பெற்றோர் குழுவில் "பயப்படாமல் போடுங்கள்" என்று முதலில் எழுதியவன் நான். அடுத்த நிமிடமே ஒரு அம்மா கேட்டார்: "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து இரண்டு வழியிலும் நடந்து பார்த்துவிட்டேன். இன்று டாக்டர்கள் பக்கம்தான் சாய்கிறேன், ஒரு நிபந்தனையோடு. சொந்தப் பிள்ளைக்கு அட்டவணைப்படி போட்டுவிட்டு வர இந்த யோசனையெல்லாம் வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போடச் சொல்லும்போதுதான் சிக்கல்.

ஆதாரத்தைத் தேடிப் போன முதல் அனுபவம் நன்றாகவே இருந்தது. தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற புரளியின் வேர் 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை. அதில் இருந்ததே 12 குழந்தைகள். 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து, அப்படி ஒரு தொடர்பு இல்லை என்று 2002-லேயே எழுதியிருந்தார்கள். ஒரே ராத்திரி வேலை. குழுவில் போட்டதும் அந்த அம்மா கட்டைவிரலைத் தூக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பிலேயே காசநோய்க்கான பிசிஜி ஊசி பக்கம் போனேன். நம் செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கிய ஆய்வு. இரண்டரை லட்சம் பேருக்கும் மேல். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது முடிவு. தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். "பிறந்ததும் போடுற அந்த ஊசி வீண்மா" என்று அவளிடமே சொல்லிவிட்டேன். செக்கப்புக்குக் கூடப் போனபோது டாக்டரம்மாவிடமும் அதையே அளந்தேன். அவர் நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார்: "எந்த நோயக் கணக்கெடுத்தாங்கன்னு பாத்தீங்களா? பெரியவங்க நுரையீரல. நாங்க பிள்ளைக்குப் போடுறது மூளையில காசநோய் வராம இருக்க." ஆய்வு சரி, அதன் விடையும் சரி. நான்தான் அந்த விடையை வேறு கேள்விக்கு எழுதிவிட்டேன்.

ஆனால் என்னை மாற்றியது அதுகூட இல்லை, பராமரிப்புச் செலவு. ஒருமுறை சரிபார்த்தால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி ஊசி வந்த புதிதில் மூன்று டோஸ். சிறுமிகளுக்கு இரண்டு போதும் என்று 2014-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நான் படித்துக் குறிப்பெடுத்தது அதைத்தான். 2022-ல், 20 வயது வரை ஒரு டோஸும் போதும் என்று அதே நிறுவனம் சொல்லிவிட்டது. அதற்கு உதவிய சான்றுகளில் ஒன்று நம் நாட்டிலேயே கிடைத்தது. 2010-ல் ஊசி போடுவது பாதியில் நிறுத்தப்பட்ட ஓர் ஆய்வில், ஒரே டோஸோடு நின்றுபோன பெண்களை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். திண்டுக்கல் பக்கம் அம்பிளிக்கையும் அந்த ஆய்வு மையங்களில் ஒன்று. இது எதுவும் தெரியாமல், கேட்டவர்களிடமெல்லாம் 2024 வரை "இரண்டு டோஸ்" என்றே ஓதிக்கொண்டிருந்தேன். இரண்டுக்குப் பணம் புரளட்டும் என்று தள்ளிப்போட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். புதிதாக வருவதையெல்லாம் வாசிப்பது நிபுணர் குழுவுக்குத் தொழில். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை ஆர்வம், அதுவும் மழை பெய்தால்.

நிபந்தனை என்றேனே, அது பிலிப்பைன்ஸ் கதையால் வந்தது. 2016-ல் தொடங்கி 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே டெங்கு ஊசி போட்டார்கள். முன்பு டெங்கு வராதவர்களுக்கு அந்த ஊசிக்குப் பிறகு நோய் கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே சொன்னது. சில ஆய்வாளர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். அதனால் புது ஊசி என்றால் நான் கொஞ்சம் நின்று கேட்கிறேன்: எத்தனை வருட அனுபவம் இருக்கிறது, நிபுணர்களுக்குள்ளேயே யாராவது தயங்குகிறார்களா? அந்தத் தயக்கம் விஷயம் தெரிந்து வந்ததா, வெறும் பிடிவாதமா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை.

தங்கை மகளுக்கு ஒன்பது வயது நெருங்குகிறது. எச்பிவி எத்தனை டோஸ் என்று போன வாரம் போனில் கேட்டாள். குறிப்பேடு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "டாக்டரம்மாகிட்டயே கேட்டுரும்மா" என்றேன்.