பந்தயத் திடலில் ‘குடும்பக் கூடாரம்’ பதிவு செய்யும் முன்

கடந்த ஆடி மாதம் மேலூருக்கு அருகே மண் தடத்தில் நடந்த இரண்டு நாள் டர்ட் ட்ராக் பைக் பந்தயத்தைக் குடும்பத்தோடு தங்கிப் பார்ப்பதற்காக 7,500 ரூபாய் கட்டிவிட்டு, முதல் நாள் நள்ளிரவிலேயே மதுரைக்குத் திரும்பி வந்தவன் இதை எழுதுகிறேன். கூடாரங்களை ஏற்பாடு செய்தவர்கள் அடுத்த பந்தயத்துக்கும் முன்பதிவைத் தொடங்கிவிட்டார்கள். என் புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அவர்களுடைய பெயரை இங்கே எழுதவில்லை. பந்தயத்தை நடத்தியவர்கள் வேறு, கூடாரம் போட்டவர்கள் வேறு என்பதையும், பந்தயத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே இந்தப் பித்து உண்டு. சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கும் கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீடுவேக்கும் போயிருக்கிறேன். இரண்டு இடங்களிலும் பகலில் பந்தயம் பார்த்துவிட்டு இரவில் விடுதி அறைக்குத் திரும்பிவிடுவதுதான் வழக்கம். சில்வர்ஸ்டோன், லே மான் போன்ற வெளிநாட்டுத் தடங்களைச் சுற்றி மக்கள் கூடாரமடித்துத் தங்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஊரில் இப்படி ஒன்று வராதா என்று ஏங்கியதுண்டு. அந்த ஏக்கத்தில் இருந்தவனுக்கு, வீட்டிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் ‘குடும்பங்களுக்கெனத் தனிக் கூடாரப் பகுதி’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தால் கை சும்மா இருக்குமா?

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். “அண்ணே, ஃபேமிலி ஏரியா தனியா இருக்குண்ணே. லேடீஸுக்குத் தனி பாத்ரூம், செக்யூரிட்டி, எல்லாம் இருக்கு. நீங்க புள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்” என்றார். நான் கேட்டதெல்லாம் சாப்பாடு சைவமா அசைவமா என்பதும், என் அம்மாவுக்குக் கட்டில் கிடைக்குமா என்பதும்தான். கூடாரம் தடத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை, இரவில் வண்டிகளை முறுக்குவார்களா, யார் யார் அங்கே தங்குகிறார்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாட்டுத்தாவணிச் சந்தையில் வெண்டைக்காயைக்கூட ஒடித்துப் பார்த்து வாங்குகிறவன், அரை மணி நேரப் பயணத்தில் இருந்த இடத்தை ஒரு முறை நேரில் போய்ப் பார்க்காமல் முழுப் பணத்தையும் ஒரு தனிநபர் பெயருக்கு ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

சனிக்கிழமை மாலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அந்தத் தனிப் பகுதி என்பது நான்கு கம்புகளுக்கு இடையே கட்டியிருந்த ஒரு நைலான் கயிறு என்று தெரிந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஐந்து குடும்பங்கள். அந்தப் பக்கம் மெக்கானிக்குகளும் பந்தய வீரர்களின் நண்பர்களும், பந்தயத்தைவிடப் பாட்டிலுக்காகவே வந்திருந்த சிலரும். வண்டிகளைச் சரிசெய்யும் பிட் பகுதி நாற்பது எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது. எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறைகள். அவற்றில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆணுக்கு எது பெண்ணுக்கு எது என்ற பிரிவும் இல்லை. அந்தக் கழிப்பறைகளுக்குப் போகும் வழியில் ஒரு விளக்குகூட இல்லாததால், என் மனைவியும் அம்மாவும் ஒவ்வொரு முறை போகும்போதும் கைப்பேசி வெளிச்சத்தோடு நான் துணைக்கு நடக்க வேண்டியிருந்தது. செக்யூரிட்டி என்று சொல்லப்பட்ட முதியவர் நுழைவாயிலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஆடியில் நம் பக்கம் காற்று மேற்கிலிருந்து வீசும் என்பது இங்கே பிறந்த யாருக்கும் தெரியும். கூடாரங்களைத் தடத்துக்கு நேர் கிழக்கே போட்டிருந்தார்கள். தகுதிச் சுற்றுகளில் கிளம்பிய செம்மண் புழுதி முழுவதும், அதோடு பெட்ரோலுடன் எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் புகையும், நேராக எங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்தன. அந்த வகை வண்டியான, 1996-இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ் 100-இன் சத்தத்தைக் கேட்டால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கும் என்பது உண்மை. ஆனால் மூச்சிரைப்பு உள்ள நான்கு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புகையில் உட்கார்ந்திருப்பது வேறு விஷயம். புகையைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது ஜெனரேட்டர். எங்கள் வரிசையின் மேற்குக் கோடியில், கடைசிக் கூடாரத்துக்கு மூன்றடி தள்ளி அதை வைத்திருந்தார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிய கூடாரத்துக்குள் தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடக்கூடும். அதை நகர்த்தச் சொன்னதற்கு வயர் எட்டாது என்றார்கள்.

இரவு பதினோரு மணிக்கு மேல்தான் பிட் பகுதியில் வேலை சூடுபிடித்தது. மறுநாள் இறுதிச் சுற்றுக்காகக் கார்புரேட்டரைச் சரிபார்ப்பதும் சைலன்சர் இல்லாமல் முறுக்கிப் பார்ப்பதும் அவர்களுடைய தொழில்; அதை அவர்கள் செய்யாமல் இருக்க முடியாது. குழந்தைகளை அதற்குப் பக்கத்தில் படுக்க வைத்தவர்கள் மீதுதான் தவறு. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல்தான் குறையும் என்பதால், நாற்பது எட்டை எண்பதாக்கினாலும் பெரிய விடிவு கிடையாது. அரை கிலோமீட்டராவது தள்ளியிருந்தால்தான் பிள்ளைகள் தூங்குவார்கள். அத்தனை ஆசையோடு வந்த என் ஒன்பது வயது மகனே காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான்.

பன்னிரண்டரை மணிக்கு ஒரு பலத்த காற்றில் கூடாரத்தின் இரண்டு முளைகள் பிடுங்கிக்கொண்டன. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில், சுக்கான் பாறையில் நான்கு விரல் நீள முளையை அடித்திருந்தார்கள். சரிந்த துணியை டார்ச் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான், கூடாரத்தோடு சேர்த்துத் தைத்த அடிவிரிப்பு இல்லை என்பதும், வெறும் தரையில் பாயைப் போட்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும் என்பதையும், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும் என்பதையும், அந்தக் கடி பல நேரம் வலிக்காது என்பதையும் நான் விளக்க வேண்டியதில்லை. “கெளம்புப்பா, போதும்” என்றார் அம்மா. காரை மறித்து நின்ற இரண்டு வேன்களின் ஓட்டுநர்களைத் தேடி எழுப்பி வெளியே வருவதற்கு முக்கால் மணி நேரமானது. உடம்புக்கு ஏதாவது நேர்ந்திருந்தாலும் அதே முக்கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஆகவே பதிவு செய்ய நினைப்பவர்கள் முந்தைய நாளாவது நேரில் போய் நின்று பாருங்கள். தடம், பிட், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்குக் காற்று வரும் பக்கமாகக் கூடாரம் இருக்கிறதா, வண்டி தடையின்றி வெளியேற வழி இருக்கிறதா, இரவில் எத்தனை மணிக்கு எஞ்சின்களை நிறுத்துவார்கள், கூடாரம் நடத்துபவர் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறாரா என்பவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முன்பணத்தை நிறுவனக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் காதை மூடும் இயர் மஃப் கட்டாயம் வேண்டும். பகலுக்கே அது தேவைப்படும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நாங்களாகவே கிளம்பிப் போனதால் தர முடியாது என்று பதில் வந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். அவர்கள் அனுப்பிய செய்திக்கும் அந்தத் தரப்பு பதில் சொல்லவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. என்னிடம் இருந்தவை ஜிபே பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், என் மனைவி கோபத்தில் எடுத்த பதினாறு புகைப்படங்கள். அவர் எடுத்ததுதான் நல்லதாயிற்று. நான் அன்று மாலை முழுவதும் வண்டிகளைத்தான் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வந்திருக்கும் புதிய விளம்பரத்திலும் அதே படம்தான் இருக்கிறது: வெண்ணிறக் கூடாரங்கள், இடையில் பச்சைப் புல்வெளி, பின்னால் பனி மூடிய மலை. மேலூரிலிருந்து பார்த்தால் தெரிவது அழகர் மலைதான்.