என் தழும்பைத் தின்னும் கைபேசி: மூன்றரை ஆண்டு அனுபவம்

போன வாரம் ரிச்சி தெருவில் திரை மாற்றினேன். 2,800 ரூபாய், முக்கால் மணி நேரம். வேலை முடிந்ததும் கடைக்காரத் தம்பி முன்கேமராவைத் திறந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "பாருங்கள் அக்கா, பளிச்சென்று வருகிறது." பளிச்சென்றுதான் வந்தது. என்னைவிட வெளுப்பாக ஒருத்தி, மோவாயில் தழும்பே இல்லாமல் திரையில் விழித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தழும்பு ஒன்பது வயதில் மந்தைவெளியில் வாடகை சைக்கிள் பழகும்போது விழுந்து வாங்கியது. நான்கு தையல்.

விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா அக்கா என்று பெரம்பூரிலிருந்து சித்தி மகள் கேட்கிறாள். பேட்டரி, வேகம், சூடு பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள், எனக்கும் குறையில்லை. பின்கேமராவைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதியில் கோலம் எடுத்தால், கை நடுங்கிய இடத்தில் மாவுக்கோடு தடித்திருப்பதுகூடத் தெரியும். தெரு விளக்கின் மஞ்சள் மஞ்சளாகவே விழும். கருங்கல் தூணைக் கருங்கல்லாகவே எடுக்கும்.

கல்லின் கறுப்பைப் பொறுத்துக்கொள்ளும் கருவிக்கு என் கறுப்பு மட்டும் உறுத்துகிறது. முன்கேமராவில் 'அழகு' என்று ஓர் அளவுகோல், 0 முதல் 10 வரை. வாங்கும்போதே 6-இல் நிற்கும். பூஜ்ஜியத்துக்கு இழுத்துவிடுவேன்; அடுத்த புதுப்பிப்பு வந்ததும் மறுபடி 6. ஒன்பது முறை இழுத்துவிட்டேன். பூஜ்ஜியத்திலும் தழும்பு பாதிதான் திரும்பி வருகிறது. சேவை மையத்தில் கேட்டதற்கு, "நிறையப் பேருக்கு இதுதான் பிடிக்கிறது மேடம்" என்றார்கள். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

செய்ய முடியாத காரியமும் இல்லை. முகத் திருத்தத்தை அணைத்த நிலையிலேயே கைபேசியைத் தரப்போவதாகவும், அந்த வசதிகளின் பெயரில் அழகு, அழகின்மை என்ற தீர்ப்பு வராமல் பார்த்துக்கொள்ளப்போவதாகவும் கூகுள் 2020-இல் பிக்சல் 4ஏ வந்த சமயத்தில் அறிவித்தது. அடுத்த ஆண்டு பிக்சல் 6-இல், கறுத்த தோலைச் சரியாகப் படம் பிடிக்க 'ரியல் டோன்' வந்தது. ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்ததும் 2020-இல்தான். என் கைபேசிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

நியாயமாகப் பேசுவதென்றால் என் பங்கையும் சொல்ல வேண்டும். 2023 பொங்கலன்று பட்டுப்புடவையில் ஒரு படம் எடுத்தேன். கோல் 6-க்குப் போயிருந்தது தெரிந்தது. தெரிந்தேதான் இன்ஸ்டாகிராமில் போட்டேன். வழக்கமாக முப்பதைத் தாண்டாத லைக், அன்று 214. அம்மா மட்டும் போனில் கூப்பிட்டு, "தழும்பு எங்கேடி?" என்றாள். "வெளிச்சம் அம்மா" என்றேன்.

ஆகவே தங்கச்சி, வாங்காதே. இத்தனை நல்ல பின்கேமராவை இந்த விலைக்கு வேறு எதிலும் நான் பார்க்கவில்லை, ஆனாலும் வாங்காதே. நான் மாற்றப்போவதில்லை, திரைக்கு இப்போதுதான் பணம் கட்டியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் நின்று பத்தாவது முறையாகக் கோலைப் பூஜ்ஜியத்துக்கு இழுத்தேன். முகப்புப் படமாக அந்தப் பொங்கல் படம்தான் இன்னும் இருக்கிறது.