தயிரா, பாப் பரிசோதனையா?

எருமைத் தயிர்ச் சட்டிக்குப் பெயர்போன மட்டக்களப்பில், கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து காத்துக்கொள்ளத் தயிரும் நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயோட்டிக் குளிசையும் போதுமா, பாப் பரிசோதனையும் வேண்டுமா என்று பெண்கள் கேட்கிறார்கள்.

பயன்: யோனியில் வாழும் லாக்டோபசில்லஸ் கிறிஸ்பேட்டஸ் போன்ற நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து தீய கிருமிகளைத் தடுக்கின்றன, ஆனால் தயிரை உறைய வைப்பவை வேறு இனங்கள் என்பதோடு, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசின் தொற்றால் மாறிய கலங்களை எந்தக் குளிசையும் காட்டித்தராது. பாப் பரிசோதனையோ, கருப்பை வாயை மெல்ல வருடி எடுத்த கலங்களைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்து, புற்றுநோயாகும் முன்பே அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறது.

செலவு: குளிசைக்கு மாதந்தோறும் பணம் வேண்டும், பெண்களின் நலம் பார்க்கும் சுகவனிதையர் கிளினிக்கில் பரிசோதனை இலவசம்.

இலகு: தயிர்தான். பரிசோதனைக்குப் போகும் கூச்சம் எனக்கும் புரிகிறது. ஆயினும் பரிசோதனை சில நிமிட வேலைதான்.

உணவுக்குத் தயிர் நல்லது. 35 வயதை எட்டியவர் பரிசோதனைக்கே போக வேண்டும். மகளுக்கு, 2017 முதல் பாடசாலையில் போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.