சென்னையா, கோவையா: நால்வர் குடும்பத்துக்கு எவ்வளவு வருமானம் போதும்?

சென்னையில் கைக்கு 80,000 ரூபாய் வரும் வேலையும் கோவையில் 70,000 ரூபாய் வரும் வேலையும் ஒருவருக்கு ஒரே நேரத்தில் கிடைத்தால், வீட்டில் எல்லோருடைய கண்ணும் முதலில் பெரிய தொகையின் மேல்தான் போகும். பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் நகையை அடகு வைக்காமலும், சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் சேமித்தும் வாழ்வதையே நான் வசதி என்று கொள்கிறேன். அந்த அளவுகோலில் பார்த்தால் 70,000 ரூபாயே மேல்.

செலவுகளில் பாதிக்கு ஊர் வேறுபாடே கிடையாது. ஆவின் பாலும் மின்வாரியக் கட்டணமும் இரண்டு ஊர்களிலும் ஒன்றே. 2025–26 முதல் புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு வருமான வரி இல்லை என்பதால், வரியும் இந்தக் கணக்கில் குறுக்கே வராது.

எல்லாவற்றையும் புரட்டிப் போடுவது வாடகைதான். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 25,000 ரூபாயும், சரவணம்பட்டியில் அதே அளவு வீட்டுக்கு 15,000 ரூபாயும் என வைத்துக்கொள்கிறேன். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வரம்பாகச் சொன்னாலும், சென்னையில் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் குடியிருந்த ஒரு வீட்டில், மின்வாரியத்தின் தனி மீட்டர் இல்லாமல் வீட்டுக்காரரே மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வாங்கியதால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகை எங்கள் கைக்கு வரவே இல்லை. முன்பணம் கொடுக்கும் முன் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

தண்ணீரும் சென்னையில் மறைமுக வாடகையே. 2019இல் ஏரிகள் வறண்டபோது மட்டுமல்ல, குழாய் இணைப்பு எட்டாத அடுக்ககங்களில் சாதாரணக் கோடையிலும் லாரித் தண்ணீரின் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஏறிவிடும். கோவைக்குச் சிறுவாணியும் பில்லூரும் உண்டு. ஆனால் எல்லாப் பகுதிக்கும் தினமும் தண்ணீர் வராது. போக்குவரத்து வசதியில் மட்டும் சென்னை முந்துகிறது: மின்சார ரயிலும் மெட்ரோவும் அங்கே உண்டு, கோவையிலோ இருசக்கர வண்டி இல்லாவிட்டால் சிரமம்.

என் கணக்கில் சென்னைக்கு வாடகை 25,000, பராமரிப்பும் தண்ணீரும் 3,000, மளிகை, பால், காய்கறி 15,000, இரு பிள்ளைகளின் பள்ளிச் செலவு 12,000, போக்குவரத்து 6,000, மின்சாரம், கைப்பேசி, மருத்துவக் காப்பீடு 7,000 என மொத்தம் 68,000 ரூபாய் ஆகிறது. சேமிப்பையும் சேர்த்தால் 85,000 வேண்டும். கோவையில் வாடகை, பராமரிப்பு, பயணம் மூன்றும் குறைவதால் செலவு 54,500 ரூபாயில் நிற்கிறது. சேமிப்போடு சுமார் 68,000 ரூபாய் போதும். ஆக, பெரிய சம்பளத்தில் மாதம் 5,000 ரூபாய் துண்டு விழுகிறது, சிறிய சம்பளத்தில் சுமார் 2,000 ரூபாய் மிஞ்சுகிறது.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்தில் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். இரண்டாவது சம்பளம் வந்தாலும் வாடகை ஏறப்போவதில்லை. அந்த இரண்டாவது வேலையைத் தேடிக்கொள்ளச் சென்னையில் வாய்ப்புகள் அதிகம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி உடன் இருந்தால் நானும் சென்னையையே சொல்வேன்.