பஞ்சிகாவத்தை புளூடூத் ஸ்கானர்: பழைய காருக்கு உதவுமா?

பழைய கார் ஏற்றத்தில் இழுக்கவில்லை, பெற்றோல் மட்டும் தண்ணீராய்ப் போகிறது என்றால் பல கராஜ்களில் முதலில் பிளக்கை மாற்றுவார்கள், பிறகு ஒட்சிசன் சென்சர், அதற்கும் பிறகு பெற்றோல் பம்ப். காசு இப்படிக் கரைய முன், கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் தீப்பெட்டி அளவு இ.எல்.எம் 327 ஸ்கானரைச் செருகிப் பார்க்கலாம். கார்க் கணினியில் உள்ள எண்களை ஃபோன் செயலியில் காட்டும் கருவி இது.

வாங்கும்போது ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். பதிப்பு 2.1 என்று வரும் மலிவுப் பிரதிகள் பலவற்றில் சில கட்டளைகள் இருக்காது. புதிய கார்களில் பெரும்பாலும் அது தெரியாது. கணினியோடு பேச கே-லைன் என்ற பழைய ஒற்றை வயர் முறையைப் பாவிக்கும் கார்களில்தான் தொடர்பு அறுந்து அறுந்து வரும். 1.5 என்று விற்பதிலும் போலி உண்டு. உங்கள் காரிலேயே செருகிக் காட்டச் சொல்லுங்கள். ஐபோன் என்றால் வைஃபை அல்லது பி.எல்.இ (குறைந்த மின்சக்திப் புளூடூத்) வகைதான் சரிவரும்.

இன்னொரு சிக்கல் காரில். ஸ்கானர் கார்க் கணினியோடு பேசும் பொது முறையான ஓபிடி 2 அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய றீகண்டிஷன் கார்களில் 16 பின் சொக்கெட் இருந்தும் சாதாரண ஸ்கானருக்குப் பதில் வராமல் போகலாம். கொரோலா 110 காலத்து டொயோட்டாவுக்கு ஸ்கானர் வேண்டவே வேண்டாம். பொனட்டுக்குள் உள்ள டயக்னோசிஸ் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் ஒரு வயர்த்துண்டால் இணைத்து, இக்னிஷனைப் போட்டு, செக் எஞ்சின் லைட் சிமிட்டுவதை எண்ணினால் பழுதின் கோட் தெரிந்துவிடும். செலவில்லை.

தொடர்பு கிடைத்ததும் 'கோட் ஒன்றும் இல்லை' என்று மூடிவிடாதீர்கள். இந்தக் கருவியின் பெறுமதி ஓடும்போது காட்டும் எண்களில்தான் இருக்கிறது. முதலில் கூலன்ட் வெப்பம்: எஞ்சின் சூடான பிறகு 85 முதல் 95 பாகை. நெரிசலில்லாத வீதியில் ஓடும்போது 70க்கு இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்கிறது, அல்லது 'நம்ம வெயிலுக்கு எதற்கு' என்று யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறதென்று கணினி பெற்றோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது லோங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம், அதாவது வழமையான அளவிலிருந்து கணினி பெற்றோலை எத்தனை வீதம் கூட்டுகிறது (+) அல்லது குறைக்கிறது (−) என்பது. இரு பக்கமும் 10 வீதத்துக்குள் இருந்தால் நல்லது. எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சர் உள்ள காரில், ஐட்லிங்கில் +20 காட்டி 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. இறுகி வெடித்த வெக்கியூம் ஹோஸ்களைத் தேடுங்கள். மாறாக, ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து, மிதிக்க மிதிக்க ஏறினால் அழுக்கடைந்த எம்ஏஎஃப், அல்லது அடைத்த பெற்றோல் ஃபில்டர், தளர்ந்த பெற்றோல் பம்ப். ஒரு ஸ்பிரேயோடு முடியும் என்பதால் எம்ஏஎஃபிலிருந்து தொடங்குங்கள். அதற்கான கிளீனரை மட்டும் அடியுங்கள், கம்பியை விரலாலோ துணியாலோ தொடக்கூடாது. 1.5 லீற்றர் எஞ்சின், ஏசி நிறுத்திய ஐட்லிங்கில், செக்கனுக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2.5 கிராம் காற்று காட்டும். ட்ரிம் −15 என்று கீழே கிடந்தால் பெற்றோல் கூடப் போகிறது. ஒழுகும் இன்ஜெக்டரைச் சந்தேகியுங்கள்.

ட்ரிம் சரி, இழுவை மட்டும் இல்லையா? அடைத்த கட்டலிட்டிக் கொன்வேட்டர், வழுக்கும் கிளட்ச், குறைந்த கொம்ப்ரஷன் ஆகியவற்றை இந்தக் கருவி நேரடியாகக் காட்டாது. பிடித்துக்கொண்டு நிற்கும் பிரேக்கையும் காட்டாது. அதற்குக் கை போதும்: ஐந்து கிலோமீற்றர் மெதுவாக ஓடி நிறுத்தி, ஒவ்வொரு றிம்முக்கும் அருகில் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் கலிப்பர் இறுகியிருக்கிறது. பெற்றோலைத் தின்பதும் அதுதான்.

லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று செயலி காட்டும் கணக்கு, எம்ஏஎஃப் உள்ள காரில் பொதுவாக அதிலிருந்து வருவது. அந்தச் சென்சரே பிழையென்றால் கணக்கும் பிழை. ஒரே பம்பில் இரு தடவை ஃபுல் டாங்க் அடித்து அளப்பதே உறுதி. நெரிசலில்லாத வீதி, மாலை நேரக் கொழும்பு–காலி வீதி என்று ட்ரஃபிக்கையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒப்பிட உதவும்.

பார்த்து முடிந்ததும் கழற்றி வையுங்கள். சாவியை எடுத்த பிறகும் அந்தச் சொக்கெட்டில் கரண்ட் வரும். வாரக்கணக்கில் நிறுத்திய காரின் பற்றரியை இந்தக் குட்டிப் பெட்டி இறக்கிவிடும்.