ஒன்பது குத்துக்கு 44,840 ரூபாய்: மைக்ரேனுக்கு போடாக்ஸ் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் கவனத்திற்கு

எனக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி இருக்கிறது. தொடக்கத்தில் மாதம் இரண்டு முறை வந்து போனது, சென்ற ஆண்டு மாதத்தில் 17 நாள் என்ற அளவுக்கு வந்துவிட்டது. மூன்று மாதங்களுக்கு மேலாக மாதம் 15 நாளோ அதற்குக் கூடுதலாகவோ தலைவலி இருந்து, அவற்றில் எட்டு நாளாவது மைக்ரேன் தன்மையோடு வந்தால் அது நாள்பட்ட மைக்ரேன் என்பது நரம்பியல் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் ஆகிய மூன்று தடுப்பு மாத்திரைகளையும் மாதக்கணக்கில் சாப்பிட்டுப் பார்த்தேன். டோபிரமேட் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்ததுடன், பேசிக்கொண்டிருக்கும்போதே வாய்க்கு வரவேண்டிய சொல்லை மறக்கடித்தது. ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் எனக்கு அது சரிப்பட்டு வரவில்லை.

அதன் பிறகே என் நரம்பியல் மருத்துவர், தசைகளைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியைப் பற்றிச் சொன்னார். நாள்பட்ட மைக்ரேனுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2010இல் அனுமதி கிடைத்தது. 12 வாரங்களுக்கு ஒரு முறை போட வேண்டும், செலவு அதிகம், குணம் தெரிய இரண்டு மூன்று சுற்றுகள்கூட ஆகலாம், சிலருக்குப் பயன் தராமலும் போகலாம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அவர் சொன்ன தொகையைக் கேட்டுத் திகைத்திருந்த வாரத்தில்தான் எங்கள் ஊர்ச் சருமப் பராமரிப்பு கிளினிக் ஒன்றின் விளம்பரம் கைப்பேசியில் வந்தது: "ஒரே சிட்டிங்கில் மைக்ரேனிலிருந்து நிரந்தர விடுதலை." நிரந்தரம் என்ற சொல்லைப் பார்த்ததுமே நான் விலகியிருக்க வேண்டும். ஏறக்குறைய பாதி விலை என்பதால் போனேன். அந்தத் தவறு என்னுடையது.

என் பழைய மருந்துச் சீட்டுகளை அங்கே யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. மாதத்தில் எத்தனை நாள் வலிக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளறையிலிருந்து, ஏற்கெனவே மருந்து நிரப்பிய ஒரே ஒரு சிரிஞ்சை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நெற்றியிலும் புருவங்களுக்கு நடுவிலும் ஒன்பது குத்துகள் விழுந்தன. வலியை மறக்க நான் எண்ணிக்கொண்டே இருந்ததால் இது உறுதி. ஐந்து நிமிடத்தில், "முடிஞ்சுது மேடம், நெத்தியில சுருக்கமும் போயிடும்" என்றார் அந்தப் பெண்.

ஐந்தாம் நாள் இடது இமை இறங்கியது. கண்ணாடியில் பாதி மூடிய கண்ணோடு நின்றேன். ஸ்கூட்டரை எடுக்கவே பயமாக இருந்தது. கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "மருந்து வேலை செய்யுது மேடம், இன்னொரு சிட்டிங் வந்தா சரியாயிடும்" என்றார்கள். இமை பழைய நிலைக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த மாதம் நாட்காட்டியில் நான் சிவப்பு மையால் சுழித்த தலைவலி நாட்கள் 16.

நரம்பியல் மருத்துவரிடமே திரும்பிப் போனேன். அவர் கோபப்படாமல் ஒரு தாளில் தலையின் படத்தை வரைந்து, மைக்ரேனுக்கு ஊசி போடும் இடங்களில் புள்ளி வைத்துக் காட்டினார். நெற்றி, புருவப் பகுதியில் 7, இரு பக்க நெற்றிப்பொட்டுகளிலும் சேர்த்து 8, பின்தலையில் 6, பிடரியில் 4, தோள்பட்டைகளில் 6. ஆக 31 இடம். ஓர் இடத்துக்கு 5 யூனிட் வீதம் 155 யூனிட். எனக்கு விழுந்த ஒன்பது குத்தும் முழு அளவு என்றே வைத்துக்கொண்டாலும் 45 யூனிட்டைத் தாண்டாது. நெற்றிப்பொட்டிலும் பின்தலையிலும் பிடரியிலும் தோளிலும் ஊசியே படவில்லை. குப்பியில் உலர்ந்த நிலையில் இருக்கும் மருந்தை உப்புநீர் விட்டுக் கரைத்துத்தான் போடுவார்கள், 155 யூனிட்டுக்கு 100 யூனிட் குப்பி ஒன்று போதாது. அந்தக் கிளினிக்கில் நான் ஒரு குப்பியைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

பில்லை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். கணக்கு எழுதுபவளுக்கு இது வெட்கக்கேடு. "முகப் பராமரிப்புத் தொகுப்பு: 38,000, ஜிஎஸ்டி 18 சதவீதம்: 6,840." மருந்தின் பெயர், யூனிட் அளவு, பேட்ச் எண், ஊசி போட்டவரின் பதிவு எண் எதுவும் இல்லை. நோய்க்கான சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது, அழகு சிகிச்சைக்குத்தான் உண்டு. மைக்ரேனுக்கு என்று சொல்லி வரவழைத்துவிட்டு, எனக்குச் செய்தது அழகு சிகிச்சை என்று அவர்களே அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே எங்கே போட்டுக்கொண்டாலும், சீல் உடைக்காத குப்பிகளை உங்கள் முன்னால் திறந்து கலக்கச் சொல்லுங்கள். குப்பியின் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை யூனிட், எத்தனை இடம் என்பதைப் பில்லில் எழுதித்தர மறுப்பவர்களிடம் நெற்றியைக் காட்டாதீர்கள். விளம்பரத்தையும் அழியும் முன் சேமித்து வையுங்கள். நான் பார்த்த விளம்பரம் இப்போது அங்கே இல்லை, என்னிடம் அதன் படம் இருக்கிறது.

பேட்ச் எண் கேட்டு நான் அனுப்பிய பதிவுத் தபாலுக்குப் பதில் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன், அங்கும் கிளினிக் அசையவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில், விளம்பரப் படம், இமை இறங்கிய புகைப்படங்கள், சிவப்புச் சுழி போட்ட நாட்காட்டித் தாள்கள் எல்லாவற்றையும் இணைத்து மனுக் கொடுத்திருக்கிறேன்.