வாட்ஸ்அப் குழுவா, குறுஞ்செய்தியா, நேரடி அழைப்பா? பெருந்தொற்று ஆண்டில் தொடக்கப்பள்ளி வீடுகளுக்குச் செய்தி சேர்க்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் 190 நாடுகளுக்கு மேல் பள்ளிகள் மூடப்பட்டு, 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். இதில் தொடக்கப்பள்ளிகளுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருந்தது. கல்லூரி மாணவருக்குச் சொல்ல வேண்டியதை அவருக்கே சொல்லிவிடலாம். ஆறு வயதுக் குழந்தையிடம் அப்படிச் சொல்ல முடியாது. அதுவரை வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே செய்தி போய்வந்தது புத்தகப்பைக்குள் வைத்த சுற்றறிக்கையாலும், டைரியாலும், வாசலில் ஆசிரியரோடு நின்று பேசும் இரண்டு நிமிடத்தாலும்தான். மூன்றும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டன.

அதற்குப் பதிலாக வந்த வழிகள் பல. அவற்றை ஒப்பிடும் முன், எதை வைத்து அளக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண ஆண்டில் "செய்தி போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டால் போதும். பெருந்தொற்று ஆண்டில் விதிகளே மாறிக்கொண்டிருந்தன. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியோடு பழகியவர் 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்றது. 2020 டிசம்பரில் 10 நாள் போதும், பரிசோதனையில் தொற்று இல்லையென்றால் 7 நாளே போதும் என்றது. 2021 மார்ச்சில், முகக்கவசம் அணிந்த வகுப்புகளில் மாணவர்களுக்கு நடுவே வேண்டிய இடைவெளியை 6 அடியிலிருந்து 3 அடியாகக் குறைத்தது. முகக்கவசத்திலும் இதே கதைதான். 2020 ஆகஸ்ட்டில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தந்த வழிகாட்டுதல்படி 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குக் கட்டாயம் இல்லை, 6 முதல் 11 வரை சூழ்நிலையைப் பொறுத்தது. ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு விதி, தம்பிக்கு வேறு விதி.

ஆகவே நான் ஒவ்வொரு வழியிடமும் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இன்று எந்த விதி செல்லும் என்பதைப் பெற்றோர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியுமா? செய்தி சேராத வீடு எது என்று பள்ளிக்குத் தெரியுமா?

வாட்ஸ்அப் குழு

பெரும்பாலான வகுப்புகள் முதலில் தொடங்கியது இதைத்தான். காரணமும் நியாயமானது. பெற்றோர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். எழுத்து வாசிக்கத் தடுமாறும் பாட்டிக்குக் குரல்பதிவு அனுப்பலாம். குழந்தை எழுதிய பக்கத்தைப் படம்பிடித்துப் போடலாம். பாடம் சார்ந்த பேச்சுக்கு இது நல்ல இடம்.

அறிவிப்புக்கு இது மோசமான இடம். என் இரண்டு கேள்விகளிலும் தோற்கிறது. காலை 8 மணிக்கு ஆசிரியர் "4ஆம் தேதி முதல் வகுப்பு வீட்டிலிருந்தே" என்று போடுகிறார். அதன் கீழ் முப்பது "ஓகே டீச்சர்" வருகிறது. அப்புறம் ஒருவர் தடுப்பூசி பற்றி எங்கிருந்தோ வந்த காணொளியைத் தள்ளிவிடுகிறார், இரண்டு பேர் அதில் சண்டை போடுகிறார்கள். வேலை முடிந்து இரவு 9 மணிக்கு போனைத் திறக்கும் அம்மாவுக்கு அந்த ஒற்றை வரி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவர் "நாளைக்கு ஸ்கூல் உண்டா?" என்று கேட்கிறார். இன்னொரு பெற்றோர் தமக்கு நினைவிருப்பதைச் சொல்கிறார். அந்தப் பதில் போன வார விதியாக இருக்கலாம்.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. "வகுப்பில் ஒரு குழந்தைக்குத் தொற்று" என்று பள்ளி பெயர் சொல்லாமல் அறிவித்தாலும், திறந்த குழுவில் பத்தே நிமிடத்தில் யார் என்று ஊகம் ஓடிவிடும். காய்ச்சலில் கிடக்கும் ஏழு வயதுக் குழந்தையின் பெயர் அங்கே அடிபடுவதை எந்தக் குடும்பமும் தாங்கக்கூடாது. குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதும் பலருக்குச் சங்கடம்.

நிர்வாகி மட்டும் பதிவிடும் அமைப்பு 2018லேயே வந்துவிட்டது. அதைப் போட்டாலே பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதி, அந்த ஆண்டில் 256 பேர் என்றிருந்த உச்சவரம்பு. அதனால் ஒரு பள்ளிக்கு ஒரே குழு என்பது நடக்காமல், வகுப்புக்கு ஒன்றாகப் பிரிந்து, ஒரே அறிவிப்பு ஒவ்வொரு குழுவிலும் ஒவ்வொரு சொல்லில் வந்தது. இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் எதை நம்புவது? நடுவில் சேர்ந்த பெற்றோருக்குப் பழைய செய்திகளும் தெரியாது.

சிலர் குழுவை விட்டுவிட்டு ஒளிபரப்புப் பட்டியலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் போவதால் அரட்டை இல்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளியின் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போகும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்று பெற்றோருக்கும் தெரியாது. சத்தமில்லாமல் தோற்கும் வழி எனக்கு எப்போதும் பயம். டெலிகிராம் சேனலில் ஆள் வரம்பு இல்லை, புதிதாக வந்தவரும் பழைய அறிவிப்புகளைப் படிக்கலாம். அமைப்பளவில் இதுதான் மேல். ஆனால் அது ஏற்கெனவே போனில் இருக்கும் வீடுகள் எத்தனை என்பதைப் பொறுத்தே பயன்.

குறுஞ்செய்தி

அவசரத்துக்கு நான் குறுஞ்செய்தியின் பக்கம். இணையம் வேண்டாம், செயலி வேண்டாம், பழைய பொத்தான் போனிலும் விழும். ரீசார்ஜ் தீர்ந்து டேட்டா இல்லாத வீட்டையும் தொடும். ஒருவர் மட்டுமே அனுப்புவதால் குழப்பமும் இல்லை. மொத்தமாக அனுப்பும் சேவைகளில் எந்த எண்ணுக்குப் போகவில்லை என்ற அறிக்கையும் பெரும்பாலும் கிடைக்கும். என் இரண்டாவது கேள்விக்கு அதுவே பாதிப் பதில்.

இதன் குறை, இடம். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள். தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலும் முழுச்செய்திக்கும் வரம்பு 70 ஆகிவிடும், ஏனென்றால் எழுத்துகளை எண்களாக மாற்றி அனுப்பும் முறையான குறியாக்கமே மாறிவிடுகிறது. அந்த 70லும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். "ம்" என்பது இரண்டு. பாருங்கள்:

"3ஆம் வகுப்பு 4ஆம் தேதி முதல் வீட்டிலிருந்தே. 14ஆம் தேதி திறப்பு."

இதற்கே 64 இடம் போய்விட்டது. தாண்டினால் செய்தி துண்டாகி, ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் ஏறும். ஆகவே காரணம், ஆறுதல், நன்றி எதற்கும் இங்கே இடமில்லை. எந்த வகுப்பு, எந்தத் தேதி, என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். நான் இதைக் குறையாகவே பார்க்கவில்லை. பள்ளி நிர்வாகத்தை இவ்வளவு சுருக்கமாக எழுத வைக்க வேறு வழியே இல்லை.

ஒரு சொல்லை மட்டும் அறவே தவிர்க்கச் சொல்வேன்: "நாளை". குறுஞ்செய்தி தாமதமாக வரும், போன் அணைந்து கிடந்திருக்கும், யாரோ ஒருவர் மறுநாள் இன்னொருவருக்கு அனுப்புவார். "நாளை விடுமுறை" என்பது அப்போது பொய்யாகிவிடும். எந்த வழியில் அனுப்பினாலும் தேதியைப் போட வேண்டும்.

பள்ளிக்கான செயலிகள்

கிளாஸ்டோஜோ, சீசா போன்றவை சின்ன வகுப்புகளை நினைத்தே செய்யப்பட்டவை. யார் படித்தார், யார் படிக்கவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியும். எண்களைப் பகிர வேண்டியதில்லை. வீட்டில் வேறு மொழி பேசும் குடும்பத்துக்குச் செய்தியை மொழிபெயர்த்துக் காட்டும் வசதி கிளாஸ்டோஜோவில் உண்டு, இது பெரிய விஷயம். கூகுள் கிளாஸ்ரூம் சற்று வேறு மாதிரி. அது பெற்றோருக்குத் தருவது பிள்ளையின் வேலைகள் பற்றிய மின்னஞ்சல் சுருக்கம். பாடத்துக்குச் சரி, "பள்ளி மூடுகிறது" என்ற செய்திக்கு உதவாது.

காகிதத்தில் பார்த்தால் செயலிகளே வெல்ல வேண்டும். ஆனால் அவை வீட்டுக்குள் நுழைவதற்கே ஒரு கதவு இருக்கிறது: பதிவிறக்கு, கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் வை. அந்தக் கதவு எவ்வளவு குறுகலானது என்பதைப் பெருந்தொற்றுக்கு முன்பே பீட்டர் பெர்க்மன், டாட் ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வாஷிங்டன் நகரப் பள்ளிகளில் பார்த்தார்கள். பிள்ளையின் வருகை, மதிப்பெண் பற்றிப் பெற்றோருக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகும் ஒரு சேவை. இணையதளத்தில் போய்ப் பதிந்துகொள்ளச் சொன்னபோது 1 சதவீதப் பெற்றோர்கூடச் சேரவில்லை. ஒரு பதில் செய்தி அனுப்பினால் போதும் என்று எளிதாக்கியபோது 8 சதவீதம். எல்லோரையும் பள்ளியே சேர்த்துவிட்டு, வேண்டாதவர் விலகலாம் என்றபோது 95 சதவீதத்துக்கு மேல் தங்கினார்கள்.

செயலியா குறுஞ்செய்தியா என்ற வாதத்தில் எனக்கு இதுவே முடிவான சான்று. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பதிவுப் படிவத்தின் குற்றம். செயலியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், ஆசிரியர் ஒவ்வொரு வீட்டையும் போனில் அழைத்து, கூடவே இருந்து, உள்ளே நுழைய வைக்க வேண்டும். அதற்கு நேரமில்லாத பள்ளி அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

மின்னஞ்சலும் ஒரே ஒரு நிலையான பக்கமும்

நீளமாகச் சொல்ல வேண்டியதற்கு மின்னஞ்சல் நல்லது. தேடினால் கிடைக்கும், சேமிக்கலாம். திறக்காமலே கிடக்கும் என்பதுதான் சிக்கல். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே தலைப்பில் வந்தால் திறக்கும் பழக்கம் உண்டாகும். வாரத்துக்கு ஐந்து வந்தால் ஐந்தும் போச்சு.

இணையப் பக்கத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, அது யாரையும் தேடிப் போகாது என்பதால். ஆனால் என் முதல் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குவது அது மட்டும்தான். பழைய விதி அழிந்து, புதியது மட்டும் இருக்கும். மேலே "கடைசியாக மாற்றியது" என்று தேதியும் நேரமும், கீழே "போன வாரத்திலிருந்து என்ன மாறியது" என்று இரண்டு வரி. இந்த இரண்டு வரியை எழுதாமல் பக்கத்தை மட்டும் மாற்றும் பள்ளிகள் பெற்றோரின் நம்பிக்கையை இழக்கின்றன. மாற்றத்தைச் சொல்லாமல் மாற்றினால், முன்பு படித்தது தம் கற்பனையோ என்று பெற்றோருக்குத் தோன்றும். தேடிப் போகும் வேலையைக் குறுஞ்செய்தி பார்த்துக்கொள்ளட்டும், பக்கம் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். இரண்டும் ஒன்றை ஒன்று நிரப்பும்.

ஆசிரியரின் போன் அழைப்பு

மற்ற எதுவும் செய்யாத ஒன்றை இது செய்கிறது: கேட்கிறது. அப்பாவுக்கு வேலை போனது, பாட்டிக்கு மூச்சுத்திணறல், மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போன், அதுவும் பகலில் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். இதெல்லாம் எந்தச் செயலியிலும் பதிவாகாது.

இதற்கும் உறுதியான சான்று உண்டு. 2020ல் பள்ளிகள் மூடியிருந்தபோது போட்ஸ்வானாவில் நோம் ஆங்கிரிஸ்ட், மேலே சொன்ன பெர்க்மன் உள்ளிட்டோர் சுமார் 4,500 குடும்பங்களோடு ஒரு சோதனை நடத்தினார்கள். பிள்ளைகள் 3 முதல் 5ஆம் வகுப்பு வரை. சில வீடுகளுக்கு வாரம் ஒருமுறை கணக்குகள் குறுஞ்செய்தியில் மட்டும் போயின. சில வீடுகளுக்கு அதோடு 15, 20 நிமிட அழைப்பும் சேர்ந்தது. அழைப்பு போன வீடுகளில் பிள்ளைகளின் கணக்குத் திறன் 0.12 திட்ட விலகல் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) உயர்ந்தது. வெறும் குறுஞ்செய்தியால் தெளிவான பலன் தெரியவில்லை. அது கற்றலைப் பற்றிய சோதனை, அறிவிப்பைப் பற்றியது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எழுத்து எங்கே நின்றுவிடுகிறது, குரல் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அது காட்டுகிறது.

விலையும் உண்டு. 30 பிள்ளைகள், ஆளுக்கு 5 நிமிடம் என்றாலே இரண்டரை மணி நேரம். இணைய வகுப்பும் எடுத்து, தம் வீட்டுப் பிள்ளைகளையும் பார்க்கும் ஆசிரியரிடம் இதை வாரா வாரம் கேட்பது அநியாயம். அதனால் எல்லோரையும் அழைக்காமல், பத்து நாளாகச் சத்தமே இல்லாத வீடுகளை மட்டும் முதலில் அழைக்கலாம். பதிவுசெய்த குரல் அழைப்பு இதற்கு ஈடாகாது. வாசிக்க முடியாதவருக்கு அது உதவும், ஆனால் எதிரில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் பலர் வைத்துவிடுவார்கள்.

மீதி இரண்டைச் சுருக்கமாக. ஜூம் போன்ற காணொளிக் கூட்டம் பள்ளி மீண்டும் திறக்கும் முன் ஒருமுறை வைக்க ஏற்றது, பயம் தெளியும். வழக்கமான அறிவிப்புக்கு வேண்டாம், வராதவர்தான் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியவராக இருப்பார். காகிதத்தை முழுதாகக் கைவிடக்கூடாது. பயிற்சித்தாள் வாங்க யாராவது பள்ளிக்கு வருகிறார்கள் என்றால், அந்தக் கட்டின் மேல் ஒரு பக்க அறிவிப்பு இருக்க வேண்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? நான் ஒரு தொடக்கப்பள்ளிக்குச் சொல்வது இதுதான். அவசரத்துக்குக் குறுஞ்செய்தி, பள்ளியே எல்லோரையும் சேர்த்துவிட்டு. விவரத்துக்கு ஒரே பக்கம், வாரம் ஒரு நாள் புதுப்பித்து. சத்தமில்லாத வீட்டுக்கு அழைப்பு. வாட்ஸ்அப் குழு பாடத்துக்கும் படங்களுக்கும் இருந்துவிட்டுப் போகட்டும், விதி எதுவும் அங்கே முதலில் வரக்கூடாது. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் இருவர் எண்ணும், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரின் எண்ணும் பட்டியலில் வேண்டும். அந்தப் பட்டியலை மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், வருமானம் குலைந்த ஆண்டில் எண்கள் அடிக்கடி மாறும்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. தொற்றுச் செய்தி ஞாயிறு இரவிலும் வரும். அப்போது அனுப்ப அதிகாரம் உள்ள இருவர் யார் என்று முன்பே தீர்மானித்து, வகுப்பு, தேதி, திரும்பும் நாள் மூன்றுக்கும் இடம் விட்ட வாசகத்தை அவர்கள் இருவர் போனிலும் எழுதி வைத்துவிட வேண்டும்.